ஆணி அடிக்காத ஸ்டாண்ட்

அந்த ஸ்டாண்டில் ஒரு ஆணிகூட இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் எனக்கு மூத்தவளான என் ராத்தா. நான் குசினி வாசலில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வளவில் இருந்த ராத்தா வேலிக் கடப்பால் நுழைந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உன்ட மாப்புள செய்யிற சாமான கிட்டப் போய்ப் பாத்தியாடி?"

"மீன்தொட்டிக்கி ஸ்டாண்ட் அடிக்காரு. அதுல பாக்க என்ன கிடக்கு?"

"அடிக்கல்லையே. அதத்தான் நான் கேக்கன். ஒரு ஆணி அடிச்சிரிக்காரா? எல்லாம் போல்ட்டு. போல்ட்டும் நட்டும். கழட்டுற எண்ணம் இல்லாத மனிசன் என்னத்துக்குப் போல்ட் போடணும்?"

கையிலிருந்த சூரையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பின் வளவுக் கொட்டிலில் என் கணவர் ஒரு கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பால்மாத் தகரம். அது நிறையப் புதுப் போல்ட்டுகள், வெயிலில் மினுங்கின. இரண்டு நாளாக அந்தத் தகரத்தைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போய்வந்திருக்கிறேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ராத்தா சொன்ன பிறகு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்கு. எனக்கும் ராத்தாவுக்கும் வாப்பா பக்கத்துப் பக்கத்தில் வீடு கொடுத்திருந்தார். அவரும் உம்மாவும் என் வீட்டின் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கினார்களே தவிர, முன் வாசலால் யார் வருகிறார், என்ன கொண்டுவருகிறார் என்பதெல்லாம் வாப்பாவின் கணக்கில்தான் இருந்தது. அவர் வயல்காரர். மடையில் தண்ணீர் யார் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண்.

என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு சவூதிக்குப் போனார். அங்கே ஒரு கட்டட வேலைத்தளத்தில் கொங்கிறீட் ஊற்றுவதற்குப் பலகை அடைக்கும் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் லீவில் வந்தபோது எல்லாரும் கொண்டுவருகிற கசட் ரேடியோவையும் கம்பளிப் போர்வையையும் அவரும் கொண்டுவந்தார். கூடவே ஒரு சின்னக் காற்று மோட்டரும் இரண்டு மூன்று குழாய் சிலிக்கன் பசையும் வந்தன. அவர் வேலை செய்த கொம்பனி முதலாளியின் வீட்டு ஹோலில் ஆறடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருந்ததாம். வேலை முடிந்து அதற்கு முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அந்த நாட்டில் மனது ஆறியது என்று எனக்கு ஒருமுறை சொன்னார். அதே அளவில் ஒன்று எங்கள் ஹோலில் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கண்ணாடிகள் கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி லொறியில் வந்தன. கதவுக்குப் பின்னால் நிறுத்தி, மேலே படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவைத்தார். அந்த நாட்களில் சவூதியிலிருந்து வந்தவன் வீட்டில் எதையாவது மூடி வைத்தால் ஊருக்குத் தூக்கம் வராது. அரிசி கடன் கேட்டு வருகிறவள்கூட விரிப்பின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மரத்தில்தான் முதல் உரசல் வந்தது.

எழுபத்தெட்டுப் புயலில் எங்கள் வீட்டின் முன்பக்கம் முழுதும் விழுந்தது. அப்போது கூரையிலிருந்து கழன்ற முதிரை வளைமரங்களை வாப்பா வேலியோரம் அடுக்கி, தகரம் போட்டு மூடி வைத்திருந்தார். ஸ்டாண்டுக்கு மரம் வேண்டும் என்றதும் அவராகவே முன்வந்தார்.

"இதுல எடுங்க மருமகன். இந்த மாதிரி முதிரை இப்ப எங்க எடுக்கிற?"

என் கணவர் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தார். "வேணாம் மாமா. முனையெல்லாம் உழுத்திரிக்கி. நான் வெளியால பாக்கன்" என்றார்.

அடுத்த நாளே வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்து வண்டியில் அறுத்த முதிரைக் கட்டைகள் வந்து இறங்கின. வாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். வண்டி போன பிறகு உம்மாவிடம், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"என்ட மரம் உழுத்துப் பெய்த்தாம். என்ட மரத்தில செஞ்சா அது என்ட சாமானாப் பெய்த்திரும் எண்டு யோசிக்காரு போல."

அப்போது அதை வாப்பாவின் வழக்கமான குத்தல் என்று விட்டுவிட்டேன். ராத்தா போல்ட்டைக் காட்டிய பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அவருடைய சொந்த மரம். கழற்றக்கூடிய போல்ட்டு. போக நினைக்கிற மனிதர் செய்கிற வேலை என்றுதான் தோன்றியது.

ஸ்டாண்ட் வளர வளரச் சந்தேகமும் வளர்ந்தது. ஒவ்வொரு காலும் என் கணைக்காலைவிடத் தடிப்பு. நாலு மூலைக்கு நாலு கால் போதாதென்று, நடுவில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. கால்களின் தலையில் வெட்டுக் கொடுத்து, மேல் சட்டம் மரத்தின்மேல் மரமாகக் குந்தும்படி பொருத்தினார். பின்பக்கம் குறுக்குக் கட்டைகள். கீழே கதவு போட்ட பெட்டி, மோட்டரும் மீன் சாப்பாடும் வைக்க என்றார். வாப்பா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கொட்டிலுக்குள் வந்து கேட்டுவிட்டார்.

"மருமகன், இது மீனுக்கா, ஆனைக்கா?"

"தண்ணிக்கி மாமா."

"தண்ணிக்கி இவ்வளவு மரமா?"

"நிரப்பினா அம்பது வாளிக்கி மேல போகும். கல்லு, கண்ணாடி எல்லாம் சேந்தா பத்துப் பன்னிரண்டு மூட்ட நெல்லு ஒரே இடத்தில அடுக்கின மாதிரி."

வாப்பாவுக்கு நெல் மூட்டையின் பாரம் தெரியும். ஆனால் ஒரு கண்ணாடித் தொட்டியில் நிற்கிற தண்ணீர் அந்த அளவு கனக்கும் என்பதை அவர் மனது ஏற்கவில்லை. அவர் குனிந்து அந்தப் பெட்டிக்குள் பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார். "இதுக்குப் பூட்டும் வருமா?" என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை.

"தரை எப்பிடி மாமா? தாங்குமா?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

"நான் போட்ட தரை. லொறி ஏறினாலும் அசையா."

ஊரிலோ வேறு கதை. பெட்டிக்கு இரட்டை அடித்தட்டு இருப்பதாகவும், இடையில் தங்கம் போகப்போவதாகவும், மீன் வெறும் கண்கட்டு என்றும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கதைகள் பரவாயில்லை. தங்கம் ஒளிக்கிறவன் வீட்டைவிட்டுப் போகமாட்டானே என்று ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது.

ராத்தாவுக்கு இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. அவளுடைய கணவர் எங்கள் ஊருக்கு வெளியே, அட்டாளைச்சேனையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், கோபக்காரர். அவளுடைய வீட்டுக் குசினியை அவர்தான் கட்டினார். கிணற்றுக்குக் கட்டு வைத்தார். பெரிய அலுமாரி ஒன்று செய்வித்தார். என் கல்யாணம் முடிந்த புதிதில் அவருக்கும் வாப்பாவுக்கும் வயல் விஷயமாக வாய்த்தர்க்கம் வந்து, வாப்பா வாசலைக் காட்டிவிட்டார். அவர் சைக்கிளில் ஒரு துணிப்பையைக் கட்டிக்கொண்டு போனார். அலுமாரியையாவது கொடுங்கள் என்று யாரோ பெரியவர்கள் வந்து கேட்டபோது, வீட்டுக்குள் வந்தது வீட்டோடுதான் என்று வாப்பா சொல்லிவிட்டார். அதன் பிறகு ராத்தா தனியாகத்தான் இருந்தாள். ஆண்கள் எப்படிப் போவார்கள் என்பதில் அவளுடைய கண் கூர்மையாகிவிட்டது.

நான் நேரே கேட்பது என்று முடிவெடுத்தேன். நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு வாப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணியோடு கொட்டிலுக்குப் போனேன். என் கணவர் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இதுக்கு ஏன் ஆணி அடிக்கல்ல?"

"மரம் காயக்குள்ள சுருங்கும் புள்ள. போல்ட் எண்டா இறுக்கலாம். ஆணி எண்டா லூசாப் பெய்த்திரும்."

"அது மட்டுந்தானா?"

தூரிகை நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் தகரத்தின் விளிம்பில் அதை வழித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"சகலன் போன நாள் நான் உங்கட ஹோல்லதான் இருந்தன். புது மாப்புள. ஒரு மனிசன் கட்டின குசினி, கட்டின கிணறு, செஞ்ச அலுமாரி எல்லாம் அப்பிடியே கிடக்க, ஒரு பையோட சைக்கிள்ல போறாரு. அத நான் பாத்தன். அண்டைக்கே நினைச்சன், இந்த வீட்டில நான் ஒரு சாமான் செஞ்சா அது கழண்டு வரணும் எண்டு."

ராத்தாவின் சந்தேகம் சரிதான் என்று ஆகிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அப்ப வந்த நாள் தொட்டுப் போற நினைப்போடதான் இரிக்கிங்களா?"

"போற நினைப்பு இல்ல. போகச் சொன்னா எண்ட நினைப்பு."

"ஆரு சொல்ற உங்கள?"

"சகலனுக்கு ஆரு சொன்ன?"

தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கட்டையின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒருவர் மூச்சை மற்றவர் கவனித்துக்கொண்டிருந்தோம். நான் அவர் போவாரா என்று பார்த்தேன். அவர் எங்கள் வீட்டார் துரத்துவார்களா என்று பார்த்தார்.

தொட்டி ஒட்டி முடிந்து, பசை காய்ந்து, ஸ்டாண்டை ஹோலில் கொண்டுவந்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள். தச்சு வேலை செய்யும் ஓடாவி ஒருவரும் இரண்டு அயலவர்களும் கைகொடுத்தார்கள். நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. அடுத்த நாள் காலையில் தண்ணீர் நிரப்பினோம். கிணற்றிலிருந்து வாளி வாளியாக வந்தது. பார்ப்பதற்கு அயல் பெண்கள் யன்னலிலும் அவர்களுடைய பிள்ளைகள் ஹோலிலும் நிறைந்திருந்தார்கள். வாப்பா ஹோலின் மறுமூலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்ட் எங்கே முறியும் என்று பார்க்கவே அவர் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குப் பட்டது.

பாதி நிறையும்வரை ஒன்றுமில்லை. முக்கால்வாசிக்கு வந்தபோது, பீங்கான் வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் கண்ணாடியைத்தான் பார்த்தார்கள். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. அது தரை. வாசல் பக்கத்து மூலைக் காலிலிருந்து சிவப்புச் சீமெந்தில் ஒரு கோடு ஓடி, வாப்பாவின் கதிரைவரைக்கும் போய் நின்றது. தொட்டிக்குள் தண்ணீர் சாய்ந்து, அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்கு ஏறி நின்றது.

"ஆரும் கிட்ட வராதிங்க! புள்ளையள வெளியால எடுங்க!" என்று என் கணவர் கத்தினார்.

ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, தண்ணீரை வாசலுக்குத் திருப்பினார். தண்ணீர் இறங்கும்வரை ஒரு கையால் அந்த மூலையைப் பிடித்தபடியே நின்றார். பன்னிரண்டு மூட்டைப் பாரத்தை ஒரு மனிதக் கை பிடித்து என்ன செய்யும்? ஆனாலும் விடவில்லை.

தண்ணீர் வடிந்து முடிந்ததும் வாப்பா எழும்பினார். ஸ்டாண்டை ஒரு பார்வை பார்த்தார். அதில் ஒரு மூட்டுக்கூட விலகவில்லை. பிறகு தரையைப் பார்த்தார்.

"என்ட தரைய உடைச்சிப் போட்டிங்களே மருமகன்."

என் கணவர் குழாயைச் சுருட்டி வைத்தார். ஸ்பேனரை எடுத்தார். ஓடாவியின் உதவியோடு தொட்டியைப் பாயின்மேல் இறக்கி வைத்துவிட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். யன்னலில் நின்ற பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை. ராத்தா என் முழங்கையைக் கிள்ளினாள். "சொன்னனே" என்று வாய்க்குள் சொன்னாள். ஸ்டாண்ட் கால் வேறு, சட்டம் வேறாகச் சுவரில் சாய்ந்து நின்றது. அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தேன். அவருடைய சேர்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. காற்சட்டைகளும் இருந்தன. கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு, சவூதியில் இதைவிட நல்ல சேர்ட் எடுக்கலாமே, இதற்காகவா ஒரு மனிதர் திரும்பி வருவார் என்று தோன்றி, வந்த மூச்சும் போனது. கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது. தூக்கிப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. வெறும் சூட்கேஸ் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அதையும் வைத்து யோசித்துக்கொண்டு தரையில் இருந்தேன்.

ளுஹர் போய்விட்டது. சோறு ஆறிப்போனது. வாப்பா பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. உம்மா மட்டும் வந்து, "ரெண்டு பேருக்குள்ள ஏதும் கோவமா?" என்று கேட்டுவிட்டுப் போனா.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ரோட்டில் ட்ரெக்டர் சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் வந்து நின்றது. சாமான் ஏற்றத்தான் வந்திருக்கிறது என்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ட்ரெக்டர்ப் பெட்டியிலிருந்து இறங்கியவை சல்லிக்கல், மணல், சீமெந்து மூட்டைகள், கம்பிகள். கடைசியாக என் கணவர் சைக்கிளை இறக்கிவிட்டு, தரை உடைக்கிற ஒரு அலவாங்கோடு குதித்தார்.

"எங்க போன நீங்க?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சம்மாந்துறைக்கி. சல்லி அங்கதானே கிடைக்கிற. ஏன், என்ன?"

"சொல்லிட்டுப் போக ஏலாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைத்திருந்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ட்ரெக்டர்காரர் நின்றதால் சொல்லவில்லை. நான் உள்ளே போய்ச் சோற்றைச் சூடாக்கினேன்.

தரையை உடைக்கத் தொடங்கியதும் ஊர் திரும்பவும் யன்னலுக்கு வந்துவிட்டது. தங்கம் தரைக்குள்தான் போகிறது என்று இப்போது அவர்களுக்கு நிச்சயமாகிவிட்டது. ஒரு மாமி உள்ளேயே வந்து குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஏற்கனவே ஏதும் வெச்சிரிந்ததா மகன்?" என்று கேட்டா. குழிக்குள் இருந்தது எல்லாருக்கும் தெரிந்த சாமான்தான். உடைந்த ஓடுகள், தென்னை வேர்க்கட்டை, பொச்சு மட்டை, இடையிடையே வெறும் பொந்து. மேலே பூசிய சீமெந்து ஒரு ரொட்டித் தடிப்பு. புயல் அள்ளிப்போட்ட குப்பையைத்தான் வாப்பா உள்ளே போட்டு, மேலே பூசியிருந்தார்.

அவர் வந்து குழியோரம் நின்றார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. இப்போது என் கணவர் ஒரு வார்த்தை சொல்வார், அதோடு இந்த வீட்டில் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் பயந்தேன்.

"அந்த நேரம் சீமெந்து எங்க கிடைச்ச?" என்று வாப்பாவே தொடங்கினார், யாரிடம் என்றில்லாமல்.

"தெரியும் மாமா" என்றார் இவர். "எங்கட வாப்பாட வீடும் இப்பிடித்தான் கட்டின. தலைக்கி மேல கூரை வந்தாக் காணும் எண்ட காலம்தானே."

வாப்பா யன்னல் பக்கம் திரும்பி, "என்ன பாக்கிங்க எல்லாரும்? வீடு வாசல் இல்லையா உங்களுக்கு?" என்று அதட்டினார். பெண்கள் கலைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின் வளவில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. வாப்பா தன் முதிரை வளைமரம் ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"உழுத்த முனைய வெட்டிட்டுப் பாருங்க. நடுவுல நல்லாத்தான் இரிக்கும்."

என் கணவர் அலவாங்கை வைத்துவிட்டு வந்து தட்டிப் பார்த்தார். ஓடாவியைக் கூப்பிட்டு முனைகளை அறுக்கச் சொன்னார். உள்ளே மஞ்சள் மரம் புத்தம் புதிதாக இருந்தது. அதை இரண்டாகக் கிழித்து, கால்களுக்குக் கீழே நீட்டுக்குப் போட்டால் பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் பரவும் என்றார். வாப்பா தலையாட்டினார்.

கம்பி கட்டி, சல்லி போட்டு ஊற்றிய கொங்கிறீட் இறுகுவதற்கு நாங்கள் நாளெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு தரம் நான் ஊற்றும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதக் கழட்டிக் கொண்டுபோக ஏலா, கண்டயா" என்றார் மெதுவாக.

"சொல்லிட்டுப் போங்க இனி. சைக்கிள் எடுத்தாலும் சொல்லிட்டுப் போங்க" என்றேன். "சரி" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சந்தேகம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அது உப்புக்காற்று மாதிரி வீட்டுக்குள் இருந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூச்சைக் கவனிக்காமல் நித்திரை கொள்ள முடிந்தது.

ஸ்டாண்டை அதே போல்ட்டுகளால் திரும்பப் பூட்டி, இரண்டாம் முறை நிரப்பியபோது சத்தம் ஒன்றும் வரவில்லை. மீன்கள் கொழும்பிலிருந்து பொலித்தீன் பைகளில் வந்தன. தங்க மீன், கறுப்பு மீன், வால் விரிந்த சின்ன மீன்கள். ராத்தா தினமும் வந்து பார்த்தாள். இவர் லீவு முடிந்து திரும்பப் போகும்போது, தண்ணீர் மாற்றும் விதத்தை எனக்குச் சொல்லவில்லை, வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரேயடியாக மாற்றக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக என்று.

அவர் போன பிறகு வாப்பா ஹோலை விட்டு நகரவில்லை. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் கதிரை தொட்டிக்கு முன்னால்தான். ஒரு நாள் காலையில் கறுப்பு மீனைக் காணவில்லை என்று வீட்டையே இரண்டாக்கினார். முதலில் ராத்தாவின் பூனை என்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்றார். பெரிய தங்க மீனின் வயிறு நேற்றைவிடப் பருத்திருக்கிறது என்று அதையும் சந்தேகித்தார். உம்மாவும் நானும் ஸ்டாண்டின் பின்னால், பெட்டிக்குள், எல்லா இடமும் தேடிக் களைத்துவிட்டோம்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது அவர் கண்ணாடியில் மூக்கு முட்ட உட்கார்ந்திருந்தார். கையால் சைகை காட்டி, சத்தம் போடாமல் வரச் சொன்னார். கற்களுக்கு இடையில், நிழலோடு நிழலாக, கறுப்பு மீன் அசையாமல் நின்றது. அதன் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"பாத்தியா" என்றார் வாப்பா கிசுகிசுப்பாக. "ஒளிச்சிருந்து பாக்குது, நாம என்ன செய்யிற எண்டு."